கன்னியம்மாவின் பெயரை இறக்கிய கதை

கம்ப்யூட்டருக்குக் கட்டளையாக ஸ்கிரிப்ட் எழுதி எக்செல் கோப்பைப் பிரவுசருக்கு அனுப்பும் சகபாவிகளே, முதலாளியோடு மோதுவது இதைவிடச் சுலபம். அம்பத்தூர் எஸ்டேட் ஆலை வாசல்களில் நின்று தலை நரைத்தவன் நான். படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரங்கள். தொழிற்சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் ஐ.டி. கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். யார் தயவும் வேண்டாம் என்று நானே கற்றுக்கொண்டேன்.

முதல் வேலையே ஒப்பந்தத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கக் கோரும் மனு. அவரவர் போனில் பெயரைப் பதிய வேண்டும். நான் பொத்தானை அழுத்தினால் பட்டியல் எக்செல் கோப்பாக இறங்க வேண்டும். அன்று மாலைக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். விட்டுப்போகும் பெயருக்கு மனுவில் இடமில்லை.

முன்னால் வைத்த வணக்கம்

முதல் தடவை அழுத்தியதும் திரை முழுக்கக் கட்டமும் கிறுக்கலும். எதை எழுதினாலும் “தோழர்களே, வணக்கம்!” என்று தொடங்குவது என் வழக்கம். ஸ்கிரிப்டிலும் அதையே முதலில் அனுப்பியிருந்தேன். ‘வருவது எக்செல் கோப்பு’ என்று பிரவுசருக்கு அறிவிப்பதுதான் முதலில் போக வேண்டும். அதற்கு முன் ஓர் எழுத்து போனாலும் அறிவிப்பு செல்லாது. எட்டிப் பார்த்த சங்கச் செயலாளர் மூர்த்தி கேட்டார்: “மெஷின்கிட்டகூட மீட்டிங் போட்டுத்தான் பேசுவியா நைனா?”

பின்னால் போட்ட கோஷம்

வணக்கத்தை எடுத்தேன். கோப்பு இறங்கியது, திறந்தால், பழுதாகியிருக்கிறது என்றது எக்செல். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் “போராட்டம் வெல்க!” இருந்தது. அதுவும் கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்திருந்தார் பேக்கிங் பிரிவு கன்னியம்மா. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோஷத்த அப்பாலிக்கா போட்டுக்கலாம் அண்ணாத்தே. என் பேரு உள்ள கீதா இல்லியா, அத்த சொல்லு.”

பழைய பிரதி

கோஷமும் போனது, கோப்பும் திறந்தது. கன்னியம்மா பெயர் மட்டும் இல்லை. ரயிலில் வரும்போது பதிந்தது சேரவில்லை போல என்று என் கண்ணெதிரே போனில் மறுபடி பதிந்தார். அழுத்தினேன், அப்போதும் இல்லை. அவர் சத்தம் போடவில்லை. “கம்பெனில நான் அவங்க ஆளே இல்லன்றான். இங்கயுமா?” என்றார். எத்தனையோ லத்தி பார்த்தவன், அந்தக் கேள்வியில் குனிந்து ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து படித்தேன்.

பிறகுதான் புரிந்தது. பிரவுசர் முதலில் சரியாகத் திறந்த கோப்பைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அதையே திருப்பித் திருப்பிக் கொடுக்கிறது. பழையதை வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேள் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். இந்த முறை இறங்கிய கோப்பில் கன்னியம்மா விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. அலுவலகம் மூடுவதற்குள் ஓட வேண்டும் என்று மூர்த்தி அவசரப்படுத்த, அவரையும் பிடித்து நிறுத்திக் காட்டினார்: “தோ பாரு, உள்ள கீறேன்!”

எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்காதே என்று ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அடித்தவன், அன்று சோறுதண்ணி இல்லாமல் உழைத்ததற்கு எந்த முதலாளி மேல் புகார் கொடுப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.