எண்ணெய்த் தலைக்கு ஐந்து ரன்

"இன்னா சார், பந்து பஜ்ஜி மாரி எண்ணெய் வழியுது!"

தியாகதுருகத்தில் நடந்த லெதர் பால் இறுதிப்போட்டி. சொன்னவர் எலவனாசூர்கோட்டை அணியின் பேட்ஸ்மேன். அம்பயராக நின்ற நான் பந்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளவென்றிருந்தது. முகர்ந்தால் சுத்தமான தேங்காயெண்ணெய்.

பந்து வீசிக்கொண்டிருந்தவன் தியாகதுருகம் ஏழுமலை. அன்று படிய வாரி, நெற்றி வரை எண்ணெய் இறங்க வந்திருந்தான். காரணம் ஊருக்கே தெரியும். அவனுக்குப் பெண் கொடுக்க யோசித்துக்கொண்டிருந்த திருநாவலூர்க்காரர், ஆளைப் பார்க்கவென்றே வந்து ஸ்கோரர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பையன் நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்துப் பந்தில் தேய்த்திருக்கிறான். வியர்வையோடு எண்ணெயும் ஏறிவிட்டது.

அம்பயர் தேர்வு எழுதப்போகும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். வியர்வை தேய்க்கலாம். எச்சில் கூடாது. எண்ணெய், வாசலின், மிட்டாய்ப் பிசுக்கு எதுவுமே கூடாது. தேய்த்தால் பந்தை மாற்ற வேண்டும், எதிரணிக்கு ஐந்து ரன்.

ஸ்கொயர் லெக் அம்பயரும் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "எண்ணெய்தான், குடுத்துடுங்க" என்றார். நான்தான் ஸ்கோரர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பெண் வீட்டார் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று பெயர் விழுந்தால் சம்பந்தம் அன்றோடு சரி. அதற்காகப் பார்க்காததுபோல் இருந்தால், வெயிலில் நிற்கும் மற்றவர்களுக்கு நான் செய்வது துரோகம்.

தோளைத் தட்டி ஐந்து ரன் காட்டினேன். "அம்பயருக்குக் கொசு கடிக்குதுடா!" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல். தியாகதுருகம் கேப்டன் பாஸ்கர் பாய்ந்து வந்தார்.

"அவன் இன்னா பாக்கெட்லயா வச்சிக்கினு இருந்தான்? தலையிலதான சார் இருக்குது!"

"தலையில இருந்தா எனக்கு இன்னாங்க? பந்துல வந்துடுச்சே! ஏமாத்தினான்னு நான் சொல்லல, எண்ணெய்னுதான் சொல்றேன்" என்றேன், ஸ்கோரர் மேசை வரை கேட்கும்படி.

ஏழுமலை அசடு வழிய நின்றான். பிறகு, "தோ வந்துட்டன் சார்" என்று குழாயடிக்கு ஓடினான். நாங்கள் மாற்றுப் பந்து தேர்ந்தெடுப்பதற்குள், யாரோ கொடுத்த ஷாம்பு பாக்கெட்டில் தலையைக் கழுவிக்கொண்டு, பரட்டைத் தலையோடு வந்து நின்றான். நன்றாகவே வீசினான். ஆனாலும் எலவனாசூர்கோட்டை கடைசி விக்கெட்டை வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டது. அந்த ஐந்து ரன் இல்லாவிட்டால் கோப்பை தியாகதுருகத்துக்குத்தான்.

ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது திருநாவலூர்க்காரர் வந்தார்.

"பையன் தோத்துட்டானேன்னு பாக்கறீங்களா?" என்று நானே ஆரம்பித்தேன்.

"அது கெடக்குதுங்க. தப்புன்னு சொன்னதும் மொறைக்கல, கத்தல. தலையைக் கழுவிக்கினு வந்து வேலையைப் பாத்தான். எங்க வூட்டுப் பொண்ணுக்கு வேற இன்னாங்க வேணும்?"

சிரித்துவிட்டேன். மனசு லேசானது.

தம்பிகளே, ஐந்து ரன்னைத் தயங்காமல் கொடுங்கள். அதோடு கெட்ட பெயரையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள், அதற்கு விதியில் இடமில்லை. பிறகு ஒருநாள், தோற்ற அணி மொத்தமும் ஏழுமலையின் கல்யாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தது. பாஸ்கர்தான் தாம்பூலத் தட்டை நீட்டினார்.