டிஷ்யூ ஒட்டிய கேமரா

பிள்ளைகளே, மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு ஒரு முறை கேக் கொண்டுவந்த அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் தெரியாது. பருத்த உடம்பு, டிஷ்யூவால் கழுத்து வேர்வையை ஒற்றிக்கொண்டே பேசுவார்.

அன்று என் மகளுக்குப் பிறந்தநாள். முகப்பரு தெரியாமலிருக்க அவள் அம்மா பவுடரை அப்பியிருந்தாள். நான் படம் எடுத்தேன். கேமராவின் ஃபிளாஷ் அடித்ததில் முகம் வெளுத்துப்போய், பரு மட்டும் பளபளத்தது.

“மாவு மூட்டையில விழுந்தியாடி?” என்று அவள் மாமா சிரித்தார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேக் வெட்ட வரவில்லை.

கேக்கோடு வந்து நின்ற அந்த அக்கா கேமராவை வாங்கிப் படத்தைப் பார்த்தார். “அண்ணே, பிள்ள முகத்துல ஒண்ணும் இல்ல. லைட்டுதான் மூஞ்சில அறையுதுலா,” என்றார். புது டிஷ்யூ ஒன்றை உருவி ஃபிளாஷின் முன்னால் ஒட்டினார். பிறகு கதவருகே நின்று, “தங்கச்சி, பவுடரக் கழுவிட்டு வா. படம் பிடிக்கலன்னா நீயே அழிச்சிரு,” என்றார்.

அவள் வந்தாள். இந்த முறை வெளிச்சம் மென்மையாகப் பரவியது. படத்தில் பருவும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. அவள் அழிக்கவில்லை.

நன்றியோடு கேமராவை அக்கா பக்கம் திருப்பினேன். “ஐயோ, எனக்கு வேணாம் அண்ணே!” என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முன்பு எந்தக் கடுமையான வெளிச்சத்தில் யார் அவரைப் படம் எடுத்துக் காட்டினார்களோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.