ஓசியில் வாங்காத கார்

அண்ணா, உன்னைக் கூப்பிட்டால் இப்போதும் உன் பின்கழுத்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. தொண்ணூற்றொன்றில், என் கல்யாணத்துக்கு முந்தின நாள், பென்னலூரிலிருந்து பிள்ளைப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் நானும் அம்மாவும். நீ ஓட்டினாய். கார் நம்முடையது இல்லை, ரைஸ்மில்காரருடையது.

நீ மணல் லாரி ஓட்டுகிறவன், லைசென்ஸ் இருந்தது. அதனால் அவர் நம்பிச் சாவியைக் கொடுத்தார். கல்யாணப் பெண் ஏறும் வண்டியை இனாமாக வாங்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அம்மா தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன்மேல் ஒரு நோட்டு வைத்து அவரிடம் நீட்டினாள்.

“இன்னாம்மா, எனக்கா நிச்சயதார்த்தம்?” என்று சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

வழியில் நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். “ஏ கய்தே, அழுவாத. மை வழிஞ்சிக்கினு போனா மாப்ள பயந்து ஓடிருவான்.”

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஏரி வளைவில் ஒரு எருமை குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்தாய். புளியமரத்தில் மோதியது. எங்களுக்குச் சிராய்ப்புதான். உனக்கு ஸ்டீயரிங் நெஞ்சில் இறங்கிவிட்டது.

கல்யாணம் நின்றுபோனது. உன் காரியம் முடிந்ததும் மில்காரர் வந்தார். “பயப்படாதம்மா. வேற ஆளு ஓட்னாலும் இன்சூரன்ஸ் வரும். லைசென்ஸ் கீது, நான் சொல்லித்தான் எட்த்தான். வரலன்னாதான் உன் ஏரிக்கரை நெலத்த பத்திப் பேசணும்.”

அந்த நிலம் ஒன்றுதான் நமக்கு. கம்பெனி கட்ட வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் கொடுக்கவே கூடாது என்று நீ சண்டை போட்ட நிலம்.

இன்சூரன்ஸ் ஆள் மில்காரரோடு நம் வீட்டுக்கு வந்தார். உன் லைசென்ஸைப் பார்த்துச் சரி என்றார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: “காசு வாங்காமத்தானே வண்டி குடுத்தாரு?”

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்துவிட்டாள்.

“ஓசி வண்டியில போயி என் புள்ள செத்தான்னு எய்திக்கினு போவ வந்தியா? தட்டுல துட்டு வெச்சித்தான் வாங்கனோம். தோ, அவரையே கேளு!”

மில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது மரியாதைக்கு வெச்சது சார். வாடகை இல்ல.”

“வாங்கினீங்களா, இல்லியா?”

“வாங்கினேன்.”

“அப்ப வாடகைதான். சொந்த வண்டிய வாடகைக்கு வுட்டா இன்சூரன்ஸ் கிடையாது.”

அவ்வளவுதான். காருக்கு ஈடாக நிலம் மில்காரருக்குப் போனது. இப்போது அங்கே கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது அம்மா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒருநாள் கோபத்தில் அம்மாவிடம், “உன் வாயாலதான் அண்ணன் காப்பாத்துன நெலம் போச்சு” என்று சொல்லிவிட்டேன். “என் புள்ளய ஓசின்னு எப்டிடி சொல்ல வுடுவேன்?” என்று மட்டும் கேட்டாள். நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாய்.

இதைப் படிக்கிறவர்களே, கோயிலுக்குப் போகிறவரோ சர்ச்சுக்குப் போகிறவரோ, எங்கள் அண்ணனை ஒரு நிமிஷம் நினைத்து வேண்டிக்கொள்ளுங்கள். அவன் யாரிடமும் எதையும் ஓசியில் வாங்கியதில்லை. இதை மட்டும் அவனுக்காக நான் உங்களிடம் கேட்கிறேன்.