நூற்று அறுபத்திரண்டில் நின்ற எண்

காலை ஆறு மணிக்கு நூற்று அறுபத்திரண்டு. ஏழரைக்கும் அதுவேதான். ஒன்பதரை மணிக்கும் எமில் கூபேனாவின் கையிலிருந்த சின்னத் திரையில் அதே நூற்று அறுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட், சுவரில் மாட்டிய காலண்டர் தேதி போல அசையாமல் இருந்தது.

"என்ன மச்சான், உங்க மிஷின் தூங்கிருச்சா?" என்றான் ஜெரோம். எமிலின் மனைவிக்குத் தம்பி.

"கறி வேர்க்கிற நேரம் மாப்ளே. வேர்த்தா சூடு ஏறாது. நீ சும்மா இரு."

பொய்யில்லை. ஓக் கட்டைப் புகையில் வேகும் மாட்டு நெஞ்சுக்கறி பாதி வழியில் வியர்க்கத் தொடங்கும். அப்புறம் மணிக்கணக்கில் சூடு நகராது. தெரியாதவன் அங்கே பதறித் தீயைக் கூட்டிக் கெடுப்பான், தெரிந்தவன் காத்திருப்பான். எமில் தெரிந்தவர். மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்குப் பத்தொன்பது வருடமாக அவர்தான் கறி வேகவைக்கிறார். பன்னிரண்டு மணிக்கு நூறு பேர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். புகையடுப்புக்குள் ஆறு பெரிய துண்டுகள். மற்றவர்கள் கறியை விரலால் அமுக்கியே பதம் சொல்லிவிடுவார்கள். எமிலால் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து நோயை விரட்டிவிட்டு, போகிற போக்கில் விரல் நுனிகளையும் மரக்கடித்துவிட்டுப் போனது. சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிடுகிறாள் என்பது அவளுக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் அடுப்பு கைமாறிவிடும். அதனால்தான் கறியில் செருகும் வெப்பமானிக் கம்பி. அதனால்தான் எந்நேரமும் கையுறை.

ஜெரோம் கட்டை போட மூடியைத் தூக்கினான். வெக்கை வெளியேறியது. யாரோ கூப்பிட, மூடியைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பேசப் போய்விட்டான்.

எமில் திரையைப் பார்த்தார். நூற்று அறுபத்திரண்டு.

ஒரு டிகிரிகூடவா இறங்காது?

எரிவாயு ஆலையில் முப்பத்தொரு வருடம் அளவுமானிகளைச் சரிபார்த்தவர் அவர். உயிருள்ள முள் நடுங்கும், நடுங்காத முள் செத்த முள் என்று அங்கேயும் வீட்டிலும் தினமும் சொன்னவர். மூன்றரை மணி நேரமாக நடுங்காத எண்ணை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

கம்பியை உருவி ஐஸ் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். முப்பத்திரண்டுக்கு விழ வேண்டும். நூற்று அறுபத்திரண்டு.

கம்பியின் மறுமுனையில், திரைக்கு எண்ணை அனுப்பும் சின்னப் பெட்டியைப் பார்த்தார். அடுப்பில் தீ எரியும் அறையின் கதவோரக் கொக்கியில் அவரே மாட்டியது. அடிப்பக்கம் உருகித் தொங்கியது. அது எப்போதோ செத்துவிட்டது. கடைசியாகக் கேட்ட எண்ணைத் திரை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கொக்கி கொதிக்கிறது என்பது வேறு யார் விரலுக்கும் தெரிந்திருக்கும்.

டிரக்கிலிருந்து பழைய ஊசி வெப்பமானியை எடுத்து வந்தார். அதையும் நம்ப முடியாது. ஐஸ் தண்ணீரில் முப்பத்தெட்டு காட்டியது. சமையலறையில் கொதிக்கும் தண்ணீருக்கு இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பதில் இருநூற்றுப் பதினெட்டு. சரி, இரண்டிலும் ஆறு கூடுதல். ஒரே மாதிரிப் பொய் சொல்கிறவனோடு கணக்குப் பண்ணிவிடலாம்.

ஆறைக் கழித்துக்கொண்டு முதல் துண்டில் குத்தினார். நடுவில் இருநூற்று மூன்று. இரண்டு விரல் தள்ளி நூற்றுத் தொண்ணூற்றைந்து. கொழுப்போரம் இருநூற்று ஏழு. வெந்துவிட்டதா, வேகணுமா, காய்கிறதா? ஊசி வெண்ணெயில் போவதுபோல இறங்கினால் பதம். கைக்குத்தான் தெரியும். அவர் கைக்கு ஊசி இறங்குவதும் ஒன்றுதான், முட்டுவதும் ஒன்றுதான்.

மணி பத்தே முக்கால். உள்ளே பூசைப் பாட்டு முடியப்போகிற மாதிரி கேட்டது.

"மாப்ளே, இங்க வா. இதைக் குத்திப் பாரு."

"அட! மிஷின்காரருக்கு என் கை வேணுமாம். ஊரைக் கூப்பிடவா?"

எமில் கையுறையைக் கழற்றினார். வலது கட்டைவிரலில் திராட்சை அளவுக்குக் கொப்புளம். அவரே அப்போதுதான் பார்த்தார்.

"எப்ப சுட்டுச்சு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலடா. ரெண்டு வருஷமா எதுவும் தெரியல."

ஜெரோம் ஊசியை வாங்கி ஒவ்வொன்றாகக் குத்தினான். எமில் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இது வெண்ணெய். எடுங்க. இதுவும். இது... இன்னும் அரை மணி." ஆறாவதில் நின்றான். "இது செருப்புத் தோல் மச்சான். போச்சு. பொடியாக் கொத்தி, சாறு ஊத்தி ரொட்டிக்குள்ள வெச்சிரலாம்."

பன்னிரண்டு மணிக்கு வரிசை நகர்ந்தது. பங்குச் சபைத் தலைவர் ஒரு துண்டை மென்றபடி கேட்டார்: "இந்த வருஷம் யாரு பதம் பாத்தது?"

எமில் கையுறைக்குள் கட்டைவிரலை மடக்கினார்.

"மச்சான் நம்பர் சொன்னாரு, நான் குத்துனேன்," என்றான் ஜெரோம். "அவருக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. எனக்குக் கணக்கு வராது."

தலைவர் மெல்லுவதை நிறுத்தி எமிலின் கையைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். "கொழுப்போரமா இன்னொண்ணு வை எமில்."

எமில் வெட்டி வைத்தார். ஜெரோம் காதருகே குனிந்தான்.

"அடுத்த வருஷம் பெட்டியை நான் மாட்டுறேன். நீங்க நம்பரைப் பாத்துட்டு உக்காருங்க. நம்பர் நடுங்கலைன்னா மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க."