குதிகாலில் மாறும் கியர்

பூங்கோதைக்கு நாற்பத்து நான்கு வயது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு கிளை அஞ்சலகத்தில் தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஏழு ஊர்கள். எந்த ஊருக்குப் போவதானாலும் நடுவில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் உண்டு. பதினாறு வருஷமாக அந்த மேடுகளை ஏறி ஏறி அவளுடைய வலது முட்டி தேய்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்த பிறகுதான் அது மடங்கும்.

முதல் பத்து வருஷம் சாதாரண சைக்கிள். அதை ஓட்டியதைவிடத் தள்ளியதுதான் அதிகம். பிறகு திருப்பத்தூரில் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். தடித்த டயர், முன்னால் மூன்று செயின் வீல், பின்னால் ஏழு. மேட்டில் முன்னால் இருக்கிற சின்ன வீலுக்குச் செயினை மாற்றிவிட்டால் எப்படியாவது ஏறிவிடலாம். மழைக்காலத்தில் அந்த மாற்றுகிற வேலைதான் நடக்காது. செம்மண் சேறு அப்பி, செயினைத் தள்ளுகிற தகடு இறுகிப்போகும். பலமாக அழுத்தினால் செயின் கழன்று, சட்டத்துக்கும் வீலுக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஒரு குச்சியை ஒடித்து நெம்பி எடுத்து மாட்டிவிட்டு, கையெல்லாம் கறுப்பு மசகோடு அடுத்த ஊருக்குப் போவாள்.

போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒருநாள் அப்படி ரோட்டோரம் உட்கார்ந்து நெம்பிக்கொண்டிருந்தபோதுதான் ரஞ்சித்குமார் சைக்கிளை நிறுத்தினான். ஒடுகத்தூர்க்காரன். முப்பது வயதிருக்கும். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். விடுமுறை கிடைத்தால் மலைச் சைக்கிளோடு வந்து காட்டுப்பாதைகளில் ஏறி இறங்குவான். அவனே குனிந்து செயினை எடுத்து மாட்டிக் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான்.

"அக்கா, செயின் வுழாத மாதிரி ஒரு சாமான் நாங்க செஞ்சிகீறோம். உங்க வண்டில மாட்டிப் பாக்கட்டுங்களா?"

"இன்னா சாமான் தம்பி? மாட்டுனா மேடு கொறைஞ்சிடுமா?"

"கொறையாது. ஏறச்சொல்ல கொஞ்சம் சுளுவா இருக்கும்."

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திருகுசாவிகளும் சுத்தியலுமாக வந்துவிட்டான். அஞ்சலக வாசலிலேயே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினான். முன்னால் இருந்த மூன்று வீல்களையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு வீலைப் போட்டான். அதன் நடுவில், தான் சுழலாதபடி சட்டத்தோடு இறுக்கிய, பெருங்காய டப்பா அளவுக்கு ஓர் உருளை. உருளைக்குள்ளே ஒரு பல்சக்கரமும், அதைச் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்களும். பெடல் அச்சில் இரண்டு பக்கமும் ஒரு பொத்தான். குதிகாலால் ஒரு பக்கத்துப் பொத்தானை இடித்தால் உள்கியருக்கு மாறும். பெடலை ஏறக்குறைய இரண்டு சுற்று மிதித்தால்தான் வீல் ஒரு சுற்று சுற்றும். மறுபக்கத்தை இடித்தால் மிதிப்பதும் சுற்றுவதும் ஒன்றாகிவிடும்; அது நேர்கியர். செயின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"மூணு வருஷம், மூணு பேரு, ஒரு ஷெட்டு" என்றான் ரஞ்சித்குமார், கையைத் துடைத்துக்கொண்டே. "பந்தயத்துக்கு ஓட்றவங்களாண்ட குடுத்தேன். எடை ஜாஸ்தின்னு ஒருத்தர் சொல்றாரு, சூப்பர்னு ஒருத்தர் சொல்றாரு. அவங்க ஞாயித்துக்கிழமை ஓட்றவங்க. நீங்க ஆறு மாசம் தெனமும் ஓட்டுங்கக்கா. மலைக்கு இது தேவையா, வேணாமான்னு உள்ளத சொல்லுங்க. தேவைன்னா நான் வேலைய வுட்டுட்டு இத்தயே செய்யப்போறேன்."

வேலையை விடுகிற பேச்சு பூங்கோதைக்குப் பிடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லை நம்பி ஒருவன் வேலையை விடுவதா என்று இருந்தது. ஆனால் முட்டியின் வலி அதைவிடப் பெரிதாக இருந்ததால் சரி என்று தலையாட்டினாள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை செயின் ஒரு தடவைகூடக் கழலவில்லை. முன்பெல்லாம் பாதி மேட்டில் மாடு குறுக்கே வந்து நிற்க நேர்ந்தால், நின்றபடி கியர் மாற்ற முடியாது. சைக்கிளைத் திருப்பிக் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற வேண்டும். இப்போது நின்ற இடத்திலேயே குதிகாலால் ஓர் இடி. ஏறி உட்கார்ந்து மிதிக்கலாம். முன்னிருந்த பெரிய வீல் போய்விட்டதால், ஓடையைத் தாண்டும்போது வீலின் பற்கள் கல்லில் மோதுவதும் நின்றது.

ஆனாலும் அவளுக்குக் களைப்பு குறையவில்லை. சைக்கிள் முன்னைவிடக் கனத்தது. மேட்டில் உள்ளே இருக்கிற சக்கரங்கள் கிர்ரென்று சத்தம் போடும். யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். "வாம்மா, மாவு மிஷினு வர்ற சத்தம் கேட்டுச்சி, நீதான்னு நெனச்சேன்" என்பார் கிளை அஞ்சலகத்தின் போஸ்ட்மாஸ்டர் ஜீவானந்தம். நேர்கியரில் அந்தச் சத்தமும் இழுப்பும் கிடையாது. ஆனால் நேர்கியரை அவள் தொடுவது புளியந்தோப்பை ஒட்டிய ஒரு கிலோமீட்டர் சமதரையில் மட்டும்தான்.

ஞாயிறுதோறும் ரஞ்சித்குமார் போன் செய்வான். "எப்டிகீதுக்கா?"

"செயின் வுழல தம்பி."

அது உண்மைதான். மீதியை விழுங்கிக்கொள்வாள். வயசாகிறது, அதனால் களைக்கிறது, இதில் அந்தப் பிள்ளையின் சாமான் மேல் என்ன குறை சொல்வது என்று நினைத்துக்கொள்வாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டுப் பத்து நாளாகியிருந்தது. தபால் பையில் ஆலங்கொல்லை வெண்ணிலாவுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருந்தது. வெண்ணிலா பன்னிரண்டாவது படித்தவள். அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். போன மாதம் முழுக்கப் பூங்கோதையைப் பார்க்கும்போதெல்லாம் கடிதம் வந்ததா என்று கேட்டவள். ஜீவானந்தம் உறையின் கண்ணாடித்தாள் வழியாகத் தேதியைப் படித்தார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் திருவண்ணாமலைல நேர்காணலாம்மா. ஆலங்கொல்லைல இன்னிக்கி மூணரை பஸ்ஸ வுட்டா அந்தப் பொண்ணு போய்ச் சேராது."

"அந்தப் பக்கத்துல போனும் எடுக்காதே" என்றாள் பூங்கோதை. மற்ற ஊர்த் தபாலையெல்லாம் மறுநாளைக்கு எடுத்து வைத்துவிட்டு, பதினொன்றரைக்குக் கிளம்பினாள். ஆலங்கொல்லை பதினொரு கிலோமீட்டர்.

ஐந்தாவது கிலோமீட்டரில், கரடிப்பாறை மேட்டின் அடியில் குதிகாலால் பொத்தானை இடித்தாள். கியர் மாறியது. மிதித்தாள். பெடல் சுற்றியது, வீல் சுற்றவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தாள். அவள் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, வீலுக்குப் பதிலாக அந்த உருளையே சட்டத்துக்குள் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. நேர்கியருக்கு மாற்றினாள். அதில் பிடித்தது. ஆனால் அந்தக் கியரில் கரடிப்பாறையை மிதித்து ஏற அவளுடைய முட்டிக்குத் தெம்பு கிடையாது.

குச்சியை விட்டு நெம்பலாமென்றால் நெம்ப இடமே இல்லை. சுற்றிலும் மூடிய இரும்பு. அதைத் திறக்கிற திருகுசாவி ஓசூரில் இருந்தது.

தள்ளினாள். பாதி மேடு ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. சைக்கிளின் கனம் கைகளை இழுத்தது. நின்று, கைப்பேசியில் மணி பார்த்தாள். ஒன்றே கால். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே அந்த மண்ணில் படுத்துக்கொண்டால் போதும் என்றுதான் இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் முட்டி இறுகிவிடும் என்று பயந்து எழுந்தாள். சைக்கிளை உண்ணிச்செடிப் புதருக்குள் சாய்த்துவிட்டு, பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். இறக்கத்தில் ஓடினாள். ஏற்றத்தில் புடவையை இழுத்துச் செருகி, கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி ஏறினாள்.

ஆலங்கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. வெண்ணிலா வீட்டில் இல்லை. ஊருக்கு மேலே சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை வரப்பில் நின்றபடியே கத்தினாள்.

"வெண்ணிலா! வா, கையெழுத்துப் போடு! உன் காயிதம்! நாளைக்கே நேர்காணலு!"

வெண்ணிலா அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மண்கையைப் பாவாடையில் துடைத்துக் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். "நாளைக்கா? நான் குளிக்கக்கூட இல்லியேக்கா. சர்டிபிகேட்டெல்லாம் பெட்டிக்குள்ள கீது."

"நீ போய் எடு. பஸ்ஸ நான் பாத்துக்கறேன்."

பஸ் ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. பூங்கோதை அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, ஏறப்போறியா, இல்ல வண்டிய மறிக்கப்போறியா?"

"ஒரு பொண்ணு வருதுங்க. நேர்காணலுக்குப் போவுது. ரெண்டு நிமிஷம்."

"எனக்கும் டைமு கீதும்மா."

"டைமுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கீதுங்க" என்றாள் பூங்கோதை. பேசத் தெம்பில்லை. பம்பரின் மேல் கையை ஊன்றி நின்றாள். வெண்ணிலா ஈரத் தலையும் பிளாஸ்டிக் கவருமாக ஓடிவந்து ஏறினாள். பஸ் போனதும் பூங்கோதை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டி வீங்கிப் புடவைக்கு மேலேயே தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ரஞ்சித்குமார் வந்தான். புதரிலிருந்து மறுநாள் அவள் தள்ளிக்கொண்டு வந்திருந்த சைக்கிளின் உருளையைக் கழற்றி, சட்டத்தில் தேய்ந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "எங்க தப்புதான். பிடிப்பு போதல. அடுத்ததுல சரி பண்ணிடலாம்" என்றான். பிறகு தயங்கி, "பழுதானத வுடுங்கக்கா. மத்தபடி எப்டி? தேவைதானா?" என்று கேட்டான்.

நல்லாகீது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். அவளுக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி. அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் சரியாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான்.

"தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். தெனமும் இந்த மலைல நான் கால்வாசிகூட நேர்கியர்ல போவல. ஏத்தத்துல உள்கியரு. இறக்கத்துல மிதிக்கறதே இல்ல, அதுவா போவுது. எப்பவும் ஒரே கியர்லதான் ஏறப்போறேன்னா உள்ள இத்தினி சக்கரம் எதுக்கு? இந்த வண்டில முன்ன இருந்த மூணு வீலுல அந்தச் சின்ன வீலு ஒண்ணே போதாதா?"

ரஞ்சித்குமார் உருளையைக் கழற்றிய இடத்தை மறுபடி குனிந்து பார்த்தான்.

"செயின் வுழாம இருந்துச்சி, நெஜந்தான்" என்று தொடர்ந்தாள். "ஒரே வீலு இருந்தா எப்டி வுழும்? அது உன் கியர் பெட்டியோட வேலையா, ஒத்த வீலோட வேலையா, நீதான் பாக்கணும். நின்ன எடத்துல மாத்தறது நல்லா இருந்துச்சி. அதுக்காக அந்தக் கனத்தையும் இழுப்பையும் நான் தூக்கினு போவ முடியாதுப்பா. கெட்டுப்போனா தொறக்கக்கூடத் தெரியல எனக்கு."

"இதுவரைக்கும் ஏன் சொல்லல?"

"நீ வேலைய வுடறேன்னு சொன்னியே. அதான்."

அவன் உருளையைக் கீழே வைத்தான். பிறகு அஞ்சலகத்து மூலையில் கிடந்த பழைய வீல்களைத் தேடி எடுத்து, இருபத்திரண்டு பல் உள்ள சின்ன வீலை மட்டும் பூட்டினான். செயின் வெளியே நழுவாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தகடு வைத்தான். பின்னால் இருந்த ஏழு சக்கரங்களையும் அவிழ்த்து, மேட்டுக்குத் தோதாகப் பெரிய பல்சக்கரங்கள் உள்ள இன்னோர் அடுக்கை மாட்டினான். தூக்கிப் பார்த்தபோது பூங்கோதைக்கே வித்தியாசம் தெரிந்தது.

வேலையை அவன் விடவில்லை. ஷெட்டில் கூட இருந்த இரண்டு பேரும் கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை என்று பிறகு போனில் சொன்னான். நகரத்தில் கேரியர் வைத்துச் சாமான் ஏற்றுகிற சைக்கிளுக்கு அந்தப் பெட்டி ஆகுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அங்கே சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டியிருக்கும், நின்ற இடத்தில் மாற்றினால் நல்லதுதானே என்று அவளிடம் கேட்டான். தனக்கு நகரத்தைப் பற்றித் தெரியாது என்று பூங்கோதை சொல்லிவிட்டாள்.

இப்போது சமதரையில் அவள் கால் வேகவேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாகப் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடியே அவளைத் தாண்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கரடிப்பாறையை இறங்காமல் ஏறிவிடுகிறாள். முட்டி வலி போகவில்லை. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். ஜீவானந்தத்திடம் பதினைந்து நாள் லீவு கேட்டாள். பதில் ஆள் வந்ததும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதில் ஆள் இன்னும் வரவில்லை.

ஜனவரியில் வெண்ணிலாவுக்கு இன்னொரு கடிதம் வந்தது. தேர்வாகவில்லை என்று இருந்தது. அதையும் பூங்கோதைதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெண்ணிலா படித்து மடித்து வைத்துவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பூங்கோதை குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்து, பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.