சித்திரையில் வந்த வண்டலன்

நீர்முள்ளி என்ற பெயரில் இந்தச் செயலியில் எழுதியவரின் அறுபத்தோராவது அத்தியாயம் ஏன் வரவில்லை என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போன திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழியில், அந்த அத்தியாயத்தில் இருந்த ஒரு பிழைக்காக அவரிடம் சண்டை போடத் தயாராகத்தான் கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பரீட்சை நேரத்தில் ஜெராக்ஸ் கடையை மூடி வைப்பார்களா என்று எரிச்சலோடு நின்றபோது, பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அக்கா மவுத்தாயிட்டாங்க பாப்பா. காலையில தொழுதுட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்களாம்."

அவர் பெயர் ஷமீமா. வயது முப்பத்தொன்பது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், புது ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எங்களுக்கு அவர் வெறும் ஜெராக்ஸ் அக்கா. அவர்தான் நீர்முள்ளி என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லலாம் என்று அவருடைய கணவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்ததும் ஒரு பிழையால்தான். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நகல் எடுக்கப் போனேன். மேசைமேல் கிடந்த தாளில், 'வண்டலன் இரண்டு கண்களையும் மூடிக்கொண்டான்' என்று இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து அந்தத் தொடரைப் படிப்பவள் நான். அவனுடைய இடது கண்ணை ஒன்பதாம் அத்தியாயத்திலேயே நண்டு கொண்டுபோய்விட்டதே, இப்போது எந்த இரண்டாவது கண்ணை மூடுகிறான் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அக்கா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாடி. இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. அந்தக் கண்ணு மறுபடி மொளச்சிருச்சுன்னு வச்சுக்க."

"எப்ப மொளச்சுச்சு?"

"இப்பத்தான்."

அன்று முதல் ஒவ்வொரு அத்தியாயத்தையும் வெளியிடும் முன் என்னிடம் கொடுப்பார். நான் ஒரு நோட்டில் பிழைப் பட்டியல் போட்டுக் கொடுப்பேன். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். அவர் திருத்தியவை ஒன்பது. மற்றவற்றுக்கு எதிரே பென்சிலால் 'பாக்கலாம்' என்றோ 'போடி' என்றோ எழுதித் திருப்பித் தருவார். ரைஸ்மில் தவிட்டுத் தூசியிலிருந்து உருவாகி, மில் கணக்குப்பிள்ளையைக் காதலிக்கும் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய பழைய கதையில், கணக்குப்பிள்ளையின் அப்பாவுக்கு மூன்று பெயர்கள். மூன்றில் எது சரி என்று கேட்டேன். "மூணுமே நல்ல பேருதானே" என்றார்.

பேய்க்கதை என்றால் மோகினியை எழுதினால் போதாதா என்றும் ஒருமுறை கேட்டேன். "மல்லியப்பூ வச்சு வெள்ளச்சேலை கட்டி வர்றது ஊருக்கே பொதுடி. எனக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்றார்.

அப்படி அவருக்கென்று வந்தவன்தான் வண்டலன். தொடரைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லணை திறந்ததும் வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரின் வண்டல் மண்ணால் ஆனவன் அவன். தோளில் நண்டு வளை, காதுக்குள் நத்தை. தை மாதம் தண்ணீரை நிறுத்தியதும் வெடித்து உதிர்ந்துவிடுவான். கரையோரம் தையல்கடை வைத்திருக்கும் அமுதா அவனைக் காதலிக்கிறாள். அவனுக்கு ஒரு சட்டை தைக்கிறாள். தண்ணீர் ஏறினால் அவன் மார்பு பெருக்கும், இறங்கினால் சுருங்கும். அதனால் அந்தச் சட்டை அவனுக்குச் சேருவதே இல்லை.

அந்தச் சட்டையும் என் பட்டியலில் உண்டு. எங்கள் தெருத் தையல்காரர் தீபாவளிக்கு நாற்பது சட்டை தைக்கிறார், இவள் அறுபது அத்தியாயமாக ஒரே சட்டையைத் தைக்கிறாளே என்று அக்காவிடம் அலுத்துக்கொண்டேன். அவர் மெஷினிலிருந்து தலையை எடுக்காமல், "அவரு அளவெடுக்குற ஆளுங்க மறுநாளும் அதே அளவுல இருக்காங்க" என்றார்.

அறுபதாம் அத்தியாயத்தின் கடைசியில் வண்டலன் உதிர்வதற்கு முன், 'சித்திரையில் வருவேன்' என்று அமுதாவிடம் சொல்கிறான். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சித்திரையில் புது ஆற்றில் ஆடு மேயும். என் அப்பா இரண்டு ஏக்கர் விவசாயி. தண்ணீர் வரும் நாளுக்காக வீட்டில் எப்படிக் காத்திருப்போம் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.

"அக்கா, சித்திரையில தண்ணி ஏது? ஆனியிலதான் தெறப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா மாத்துங்க."

"மாத்த முடியாது. அவன் அப்பத்தான் வருவான்."

"தண்ணி இல்லாம எப்படி வருவான்?"

"பட்டியல்ல எழுதிக்க."

அப்படியே வெளியிட்டார். அதன் பிறகு நான் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த அத்தியாயத்தின் கீழே, 'கடலோரத்தில் பிறந்தவர்கள் டெல்டாவைப் பற்றி எழுதும் முன் ஒரு விவசாயியைக் கேட்டிருக்கலாம்' என்று எழுதியவள் நான்தான். அவர் கடலோர ஊரிலிருந்து கல்யாணமாகித்தான் இங்கே வந்தார் என்பது வாசகர்களில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அதை எடுத்து அவர்மேலேயே எறிந்தேன். உங்களில் நிறையப் பேர் அதற்கு விருப்பம் போட்டீர்கள். சிலர் இந்த அம்மா வாய்க்காலைக் கண்ணால் பார்த்ததுண்டா என்றுகூடக் கேட்டீர்கள். அவர் யாருக்கும் பதில் எழுதவில்லை. அடுத்த வாரம் நகல் எடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்க்காமல் தாள்களைப் பின் அடித்துக் கொடுத்தார். நானும் பேசவில்லை. சரியானதைச் சொன்னவள் ஏன் முதலில் பேச வேண்டும் என்று இருந்தேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை, ரோட்டில் போன என்னைக் கூப்பிட்டு ஒன்பது தாள்களைக் கொடுத்தார். அறுபத்தோராவது அத்தியாயம். அதுதான் முடிவு.

"ஒன் கமெண்ட்டப் படிச்சேன்" என்றார். "ஒரு எழுத்துப் பிழை இல்லடி." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பாத்துட்டு திங்கக்கெழம கொண்டா. சித்திரையில மட்டும் கை வைக்காத."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பன்னிரண்டு பிழைகள் கண்டுபிடித்து, நோட்டில் ஏற்றாமல் தாளிலேயே குறித்தேன். சித்திரை என்ற சொல்லைச் சிவப்புப் பேனாவால் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

துபாயிலிருந்து அவருடைய கணவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை கடை பாதி திறந்திருந்தது. யார் யாரோ மெஷினில் மறந்துவிட்டுப் போன சாதிச் சான்றிதழ்களையும் மார்க் ஷீட்டுகளையும் அவர் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது தாள்களோடு போய் நின்றேன்.

"பட்டியல் போடுற புள்ள நீதானா?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒவ்வொரு அத்தியாயமும் எழுதி முடித்ததும் அவருக்குத்தான் முதலில் போகுமாம். ஒன்றரை வருடமாக நான்தான் முதல் வாசகி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். துக்கம் கேட்கப் போன இடத்திலும் எனக்கு அக்காமேல் கோபம் வந்தது.

"இந்தக் கடைசி ஒண்ண மட்டும் அனுப்பல. வந்து படிச்சுக்கங்க மச்சான்னு சொல்லிட்டா" என்றார்.

"எப்ப வர்றதா இருந்துச்சுண்ணே?"

"ஏப்ரல் கடைசியில. ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ, சித்திரையிலதான் எனக்கு லீவு விடுவாங்க. இந்தத் தடவ வந்தா திரும்பப் போறதா இல்ல. கடையில ஒக்காந்துருவேன்னு சொல்லியிருந்தேன்."

அவர் வந்திருந்தது பங்குனியில்.

தாள்களை நீட்டினேன். மெஷின்மேல் சாய்ந்து நின்றபடியே படித்தார். காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வாய்க்காலில் வண்டலன் நிற்கிறான். எப்படி வந்தான் என்று ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் இல்லாததால் அவன் பெருக்கவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அமுதா சட்டையைப் போட்டுவிடுகிறாள். கடைசிப் பொத்தான் வரை சேருகிறது. அவன் உதிராமல் அவளோடு கரையேறி வருகிறான்.

படித்து முடித்தும் அவர் தாளை மடிக்கவில்லை. சிவப்புச் சுற்றின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

"பிழைண்ணே. சித்திரையில தண்ணி வராது."

"வராதுதான். நான் இந்த ஊருக்காரன், எனக்குத் தெரியாதா." விரலை எடுக்காமலே, "அத எடுத்துருவியா?" என்றார்.

இல்லை என்றேன்.

இன்று காலை, அவர் பக்கத்தில் இருக்க, கடைக் கணினியிலிருந்தே அந்த அத்தியாயத்தை வெளியிட்டேன். பதினோரு பிழைகளைத் திருத்தியிருக்கிறேன். வண்டலனின் இடது கண் மறுபடியும் காணாமல் போயிருந்தது, அதையும் சரி செய்தேன். அறுபதாம் அத்தியாயத்தின் கீழே நான் எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் கிண்டல் செய்தவர்களின் வரிகள் மட்டும் நிற்கும், தொடங்கி வைத்தவள் தப்பித்துவிடுவாள்.

அக்காவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பிழை நோட்டு. இத்தனை அத்தியாயம் எழுதியவர் அவன் எப்படி வந்தான் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று இப்போதும் ஆத்திரமாகத்தான் வருகிறது. நூற்றுப் பதின்மூன்றாவதாக, 'சித்திரையில் தண்ணீர் இல்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு எதிரே அவர் பென்சிலால் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. இதே பிழையைச் சுட்டிக்காட்ட இனி வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: நான் பார்த்தேன். பார்த்துத்தான் கை வைக்காமல் விட்டேன்.