நனைந்த மருந்து

தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கு ஒரே ஒரு பயம்தான் தெரியும். நெருப்பு. கோவில்பட்டிக்கு வெளியே அப்படி ஓர் ஆபீஸில் நான் சூப்பர்வைசர். குச்சியின் தலையை மருந்தில் முக்கும் அறையில் சிந்தியதையும் தட்டில் காய்ந்ததையும் சுரண்டி, தண்ணீர் டிரம்மில் போடுவோம். குப்பையில் போட்டால் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் போட்டால் கதை முடிந்தது என்பது எங்கள் ஞானம். அதை எனக்குப் போதித்த முதலாளி, பீடிக்காரன் நிழல்கூட வாசலில் விழ விடமாட்டார்.

டிரம் நிறைந்தால் மழைக்குக் காத்திருப்போம். கரிசல்காட்டில் சம்சாரி விதைக்கக் காத்திருப்பான், நாங்கள் கொட்டக் காத்திருப்போம். ஐப்பசியில் மழை வலுத்ததும் ஓடையில் கவிழ்த்துவிட்டு, மழையே கழுவிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொள்வோம். ஓடை எங்கே போகிறது என்று நாங்கள் கேட்டதில்லை. ஊருக்கே தெரியும், ஊருணிக்குப் போகிறது. ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி மணல் வாளிகளை எண்ணிவிட்டு, டிரம்மைப் பார்த்து, "நல்லா நனைச்சு வச்சிருக்கீங்க" என்று மெச்சினார். படித்த மனிதர். டீ குடித்துவிட்டுப் போனார்.

டிரம்மை நான் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கத்தைப் பிடித்து உருட்டுகிறவள், அறையைக் கூட்டுகிற பெண். அவளிடம் ஐந்து ஆடுகள் இருந்தன. மகளை நர்ஸிங் சேர்க்க அவற்றைத்தான் நம்பியிருந்தாள்.

போன ஐப்பசியில் வழக்கம்போலக் கொட்டினோம். அந்த மருந்து உப்புக் கரிக்கும். உப்பென்றால் ஆடு விடாது. மறுநாள் காலையில் ஊருணிக் கரையில் அவளுடைய மூன்று ஆடுகள் செத்துக் கிடந்தன. அறுத்துப் பார்த்தபோது ரத்தம், விஷம் ஏறியதுபோல், காப்பி நிறத்தில் இருந்ததாம். அவள் அழுது வீங்கிய முகத்தோடு வேலைக்கு வந்து முதலாளியிடம் சொன்னாள்.

"ஆடு எதையாவது மேஞ்சிருக்கும். நனைஞ்ச மருந்து என்ன வே செய்யும்? நீரே சொல்லும்" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"மேய்ச்சல்லதான் ஏதோ இருந்திருக்கும்" என்றேன். உப்பு விஷயம் தெரிந்தே சொன்னேன். என்னைப் போல ஒரு கோழை அந்த வட்டாரத்திலேயே இருக்க முடியாது.

அவள் அதை அப்படியே நம்பினாள். அதுதான் என்னைக் கொன்றது.

"அப்பம் மிச்ச ரெண்டையும் அங்கனயே தண்ணிக்கு விடட்டுமா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள்.

முதலாளி கண்ணால் அதட்டினார்.

"விடாத" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு டிரம்மைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"நானும்தான ஒரு பக்கம் பிடிச்சேன்" என்றாள்.